வலிக்கும் விலாசம் கேட்பார்கள்!

கேள்வி: அடிபட்டுக் கிடப்பவனைப் பார்த்ததும், 'எந்த ஊர், யார் மகன்?' என்று விசாரிக்கிறார்களே, நம் ஜனங்களிடம் இரக்கம் வற்றிவிட்டதா?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: தாமிரபரணிக் கரையில் இருந்துகொண்டு வற்றுவதைப் பற்றிக் கேட்கிறீர்கள்! இரக்கம் வற்றவில்லை ஐயா, யார் வயலுக்குப் பாய வேண்டும் என்பதை மடைக்காரர் முடிவு செய்கிறார். அந்த மடைக்காரர் பெயர் இழிவு எண்ணம். நரம்பியல் ஆய்வாளர் ஜீன் டெசெட்டியின் குழு இதைச் சோதித்த அமெரிக்க ஆய்வொன்று 2010-இல் வெளியானது. வலியில் முகம் சுளிப்பவர்களைக் காணொளியில் காட்டி, எய்ட்ஸ் நோயாளிகள் என்றார்கள். ரத்தம் ஏற்றியதால் தொற்று வந்தவர் என்று சொன்னபோது பார்த்தவர்கள் உருகினார்கள். போதை ஊசியால் வந்தது என்றதும் உருக்கம் குறைந்தது. பழி கூடக் கூட, அவருக்கு வலியே குறைவு என்று மதிப்பிட்டார்கள்.

'தானே தேடிக்கொண்டவனுக்கு இரக்கம் குறைவது நியாயம்தானே?' என்பீர்கள். யார் தவறு என்று பார்த்து நரம்பு வலிப்பதில்லையே! சரி, தவறுதான் காரணம் என்றால், பிறந்ததைத் தவிர ஒன்றும் செய்யாதவர்மீது ஏன் இரக்கம் சுருங்குகிறது? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சாதி வன்மத்தால் ஒரு மாணவரை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவர் பள்ளி மாணவர்களே. அதையொட்டி அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டத் தடை கோரியது. 'கயிற்றை அறுத்தால் மனம் மாறிவிடுமா?' மாறாதுதான். ஆனால் கையைப் பார்த்ததும் தீர்ப்பெழுதும் வசதி போய்விடும். முகத்தைப் பார்த்தாக வேண்டும். வலி தெரிவது அங்கேதான். எனவே முதலில் 108-ஐ அழையுங்கள். ஜாதகத்தை ஆம்புலன்ஸ் போன பிறகு விசாரிக்கலாம்.