விளக்கெண்ணெயில் வண்டி ஓடுமா?

கேள்வி: எங்கள் வரப்பில் ஆமணக்கு தானாக முளைத்துக் கிடக்கிறது. பெட்ரோல் விற்கிற விலைக்கு, கொட்டையை ஆட்டி பைக்கில் ஊற்றிவிடலாமா?

பதில்: ஊற்றுங்கள், மெக்கானிக் சந்தோஷப்படுவார். விளக்கெண்ணெயில் 85 - 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம். அதன் சங்கிலி நடுவே ஒட்டியிருக்கும் ஹைட்ராக்சில் தொகுதியால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கின்றன. மெத்தனால் சேர்த்து பயோடீசல் ஆக்கினாலும் அந்தக் கொழகொழப்பு முழுசாகப் போகாது. டீசலில் கொஞ்சம் கலக்கலாம், அவ்வளவுதான். பைக் ஆசையை விட்டுவிடுங்கள்.

ஆனால் முதல் உலகப் போர் விமானங்களின் சுழல் எஞ்சினுக்கு இந்தக் கொழகொழப்புதான் உயிர். மசகு எண்ணெயே இதுதான். எஞ்சின் கக்கிய எண்ணெயை முகத்தில் வாங்கிக்கொண்டே பறந்த விமானிகளின் வயிறு என்ன பாடுபட்டிருக்கும் என்பதை, சின்ன வயதில் பாட்டி மூக்கைப் பிடித்துப் பேதிக்குப் புகட்டியவர்களிடம் கேளுங்கள். குடலில் இந்த அமிலம் பிரிந்துதான் தசைகளை முடுக்கிவிடுகிறது.

கொட்டையை மட்டும் மென்றுவிடாதீர்கள். அதிலுள்ள ரிசின் கொடிய விஷம். 1978இல் லண்டனில் பல்கேரிய எழுத்தாளர் ஜார்ஜி மார்க்கோவைக் கொன்றது அதுதான் என்பார்கள். எண்ணெயில் அது கரையாது, பிண்ணாக்கில் தங்கிவிடும். அதனால் பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்காமல், நாய் வாய் வைக்காதபடி மண்ணில் புதைத்து உரமாக்குங்கள்.