எந்த யுகத்துத் தாம்பரம்?

பொம்மை ரயிலைக் குழந்தைகளின் விளையாட்டென்று எண்ணியிருப்பவர்கள், அதில் இறங்கும் மனிதனை முதல் நாளே மறித்து நிற்கும் கேள்விக்கு எத்தனை சரித்திர பாண்டித்தியம் தேவைப்படுகிறது என்பதை அறிந்தால் திகைத்துப் போவார்கள். எஞ்சின் வாங்குவதற்கும், தண்டவாளம் பதிப்பதற்கும், அவற்றைத் தாங்கப்போகும் மேசைக்குப் பலகை அறுப்பதற்கும் முன்னால், இன்ன ரயில்வே, இன்ன யுகம் என்று நிர்ணயித்துக்கொண்டாக வேண்டும். கல்பம், மன்வந்தரம், யுகம், வருஷம், தேசம் எல்லாவற்றையும் சங்கல்பத்தில் உச்சரித்து முடிக்கிற வரையில் காரியத்தைத் தொடங்கவே விடாத புரோகிதரிடம் அகப்பட்டுக்கொண்டது போன்ற விவகாரம் இது. ஜெர்மானியர்கள் இந்த விஷயத்தில் நம் புரோகிதர்களையும் மிஞ்சியவர்கள். தங்கள் ரயில்வேயின் சரித்திரம் முழுவதையும் சகாப்தங்களாகப் பிரித்து, ரோமன் எண் போட்டு, மூன்றாம் சகாப்தத்து எஞ்சினுக்குப் பின்னால் ஐந்தாம் சகாப்தத்துப் பெட்டியைக் கோப்பவனை ஆசாரம் கெட்டவனாகவே கருதுகிறார்கள்.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுக் கிழக்குத் தாம்பரத்தில் குடியிருக்கும் எனக்கு, எந்த ரயில்வே என்பதில் சந்தேகமே எழவில்லை. நண்பர் ஒருவர் நீலகிரி மலை ரயிலைச் சிபாரிசு செய்தார். பல்சக்கரம், குகைகள், தேயிலைத் தோட்டம், போதாததற்கு 2005-ல் யுனெஸ்கோவின் அங்கீகாரமும் கிடைத்திருக்கிறது என்றார். ஆனால் மலை என்றால் பிளாஸ்டர், பிளாஸ்டர் என்றால் கூடமெங்கும் வெள்ளைப் பொடி, வெள்ளைப் பொடி என்றால் குடும்பத்தில் கலகம். தவிர, பல்லாவரம் மலையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு ஊட்டி மலையைத் தேடிப் போவது நன்றியுள்ளவன் செய்கிற காரியமல்ல. தென்னிந்திய ரயில்வே 1931-ல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் மின்சார வண்டி ஓட்டிற்று. இந்தியாவில் மீட்டர் கேஜ் பாதைக்கு மின்சாரம் வந்தது அதுவே முதல் தடவை. தோல் தொழிற்சாலையின் பெயரைச் சுமக்கிற குரோம்பேட்டையும், க்ஷயரோக ஆஸ்பத்திரியின் பெயரைச் சுமக்கிற சானடோரியமும் ஸ்டேஷன் பலகைகளாக வரிசையில் நிற்கும் இந்தப் பாதைக்கு முன் தேயிலைத் தோட்டம் எம்மாத்திரம்?

யுகம்தான் தகராறு. பழமையே பெருமை என்று வைத்துக்கொண்டால், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற பூகர்ப்ப சாஸ்திரி 1863-ல் பல்லாவரத்தில் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்திருப்பதால், எங்கள் லைனின் சரித்திரத்தைக் கற்காலத்திலிருந்தே தொடங்க நியாயம் உண்டு. தண்டவாளச் செலவும் மிச்சம். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற எதிர்வீட்டுக்காரரோ, 1977 ஆகஸ்ட் 15-ந் தேதி வைகை எக்ஸ்பிரஸ் மதுரைக்கும் சென்னைக்கும் இடையே பகலிலேயே பறக்கத் தொடங்கியதைத் தவிர இந்த லைனில் குறிப்பிடத்தக்க சம்பவம் எதுவும் நிகழ்ந்ததில்லை என்ற திடமான அபிப்பிராயம் உடையவர். என் பேரன், பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் செய்யப்படும் வந்தே பாரத்தைத் தவிர மற்றவற்றை ரயில் என்றே ஒப்புக்கொள்வதில்லை. என் மனைவிக்கு எண்பதுகளின் மீட்டர் கேஜ் வண்டியில், அதிலும் பெண்கள் பெட்டியில்தான், உலக சரித்திரமே நடந்தது. நுங்கம்பாக்கத்தில் ஆபீசுக்குப் போய்வந்த அந்தக் காலத்தில், சைதாப்பேட்டை வருவதற்குள் இரண்டு முழம் மல்லிகை தொடுத்து, கிண்டி தாண்டுவதற்குள் மறுநாள் சமையலுக்குக் கொத்தவரங்காய் நறுக்கி, மீனம்பாக்கத்துக்குள் ஒரு சம்பந்தத்தையும் பேசி முடித்த பெண்மணிகளை அவள் இன்னும் பெயர் சொல்லி நினைவுகூர்கிறாள். நான் கைக்கொள்ள உத்தேசித்திருந்த 87-ல் ஒரு பங்கு அளவில் அந்த அம்மாள்களின் உயரமே 18 மில்லிமீட்டர்தான். அவர்கள் கையிலுள்ள கொத்தவரங்காயை எந்த ஊர்ச் சிற்பியும் செதுக்கிக் கொடுக்க மாட்டான் என்று விளக்கினேன். "அப்படியானால் உங்கள் ரயிலில் பொம்மனாட்டிகளே ஏறப்போவதில்லையா?" என்று அவள் கேட்டதற்கு இன்றுவரை தக்க விடை அகப்படவில்லை.

இடையில் கணித சாஸ்திரமும் குறுக்கிட்டது. பீச்சிலிருந்து தாம்பரம் சுமார் 29 கிலோமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 333 மீட்டர். தாம்பரத்தை எங்கள் கூடத்து அலமாரியோரம் வைத்தால், பீச் ஸ்டேஷன் அடுத்த தெரு மாவு மில்லுக்கும் அப்பால் போய்த்தான் நிற்கும். நிகழ்காலத்தைத் தேர்ந்தெடுத்தால் துன்பம் இரட்டிக்கும்: 24 பெட்டி கோத்த தற்கால எக்ஸ்பிரஸ் ஒன்று அதே அளவில் ஆறு மீட்டருக்கு மேல் நீளும், எங்கள் கூடமோ அதைவிடக் குறுகியது; எஞ்சின் சமையலறைக்குள் நுழைந்த பிறகும் கார்டு வாசல் திண்ணையில்தான் பச்சைக் கொடி காட்டிக்கொண்டிருப்பார். நம் பிராட் கேஜின் அகலம் 1676 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கிற 16.5 மில்லிமீட்டர்த் தண்டவாளமோ ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டருக்காகச் செய்யப்பட்டது. அதன்மேல் ஏற்றினால் நம் வண்டி, சிறுவயதில் தைத்த சட்டையைப் பெரியவனான பிறகும் போட்டுக்கொண்டவன் மாதிரி விழிக்கும். மீட்டர் கேஜுக்கு 12 மில்லிமீட்டர்த் தண்டவாளம் பொருந்தும். அது சுவிட்சர்லாந்தின் மலைப் பாதைகளை உத்தேசித்துச் செய்யப்படுவது. ஆல்ப்ஸ் சிகரங்களுக்காகப் பிறந்து மாம்பலத்துக்கு வாழ்க்கைப்படப் போகிறது. சுவிஸ் மாப்பிள்ளை வீட்டார் கேட்கிற விலையை இங்கே எழுதினால், என் பென்ஷன் கணக்கை மனைவி மறுபடி தணிக்கை செய்வாள்.

ஆக, மீட்டர் கேஜ் என்பது முடிவாயிற்று. பீச்-தாம்பரம் மீட்டர் கேஜ் மின்வண்டி 2004-ல் விடைபெற்றுக்கொண்டதால் அதற்குப் பிந்திய காலமும், பேரனுடைய கட்சியும் ஒருசேரத் தள்ளுபடியாயின. எஞ்சியிருந்த எழுபத்து மூன்று ஆண்டுகளில் ஒன்றைப் பொறுக்குவதற்கு எனக்கு உதவியது மின்சாரம்தான். இந்தப் பாதையில் ஆதியில் ஓடியது 1500 வோல்ட் நேர்மின்சாரம், அதாவது டி.சி.; 1967-ல் அதை எடுத்துவிட்டு 25,000 வோல்ட் மாறுமின்சாரம் பாய்ச்சினார்கள். பொம்மை ரயில்களோ பெரும்பாலும் 12 வோல்ட் டி.சி.யில் ஓடுபவை, மார்க்லின் என்ற ஜெர்மானியக் கம்பெனிதான் மாறுமின்சாரத்தை நெடுங்காலமாக விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எனவே மனச்சாட்சியுள்ள ஒருவன், மார்க்லின் வாங்க வக்கில்லாதவனாகவும் இருந்தால், 1967-க்குப் பிந்திய வண்டியை டி.சி.யில் ஓட்டிச் சரித்திரத்துக்குத் துரோகம் செய்ய முடியாது. இந்தத் தர்க்கத்தைக் கார்டு ஐயாவிடம் சொன்னபோது, 1500 எங்கே, 12 எங்கே என்று கேட்டுச் சிரித்தார். ஜாதி ஒன்றாயிருந்தால் அந்தஸ்து வித்தியாசம் பார்க்கக் கூடாது என்றேன். வைகை எக்ஸ்பிரஸ் கைநழுவிப் போன வருத்தத்தில் அவர் இரண்டு நாள் பேப்பர் இரவல் வாங்க வரவில்லை.

இவ்வாறாக 1966-ஆம் வருஷம் ஸ்தாபிதமாயிற்று. தென் ஜில்லாக்களில் நீராவி எஞ்சின்களின் புகை அடங்காத வருஷம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோய்விட்டதால் அந்தத் துறைமுகத்துக்கு வண்டி விடவேண்டிய பொறுப்பும் எனக்கு இல்லை. பெயிண்ட் வாங்கக் கிளம்பும்போதுதான் அடுத்த தகராறு. அந்நாளைய மின்வண்டிக்கு என்ன நிறம்? கார்டு ஐயா பச்சை என்று சத்தியம் செய்கிறார். அவருடைய தமையனார், செங்காவி என்றும் தம்பிக்கு அப்போதே கண் சரியில்லை என்றும் சாட்சியம் அளிக்கிறார். நான் தேடிப்பிடித்த புகைப்படங்களோ எல்லாம் கறுப்பு வெள்ளை. மூவரையும் திருப்தி செய்ய, வண்டியைச் சாம்பல் நிறத்தில் தீட்டி, ஸ்டேஷன் பூவரச மரத்துக்கும் போர்ட்டர் சட்டைக்கும் கொய்யாப்பழக் கூடைக்கும் அதையே அடித்துவிடுவதாக இருக்கிறேன். பெயிண்டும் ஒரே டப்பாவில் முடிந்துவிடும்.