எலியா கரண்ட் பில் கட்டும்?

கேள்வி: ஆய்வு நிதியில் 'மறைமுகச் செலவை' வெட்டினால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஏன் பதறுகின்றன?

பதில்: சோதனைக்கூடத்து எலியா கரண்ட் பில் கட்டும்? கட்டடம், மின்சாரம், ரசாயனக் கழிவு அகற்றுதல், கணக்கு அலுவலகம் எல்லாம் அந்தப் பணத்தில்தான் ஓடுகின்றன. நேரடி ஆய்வுச் செலவு 100 டாலர் என்றால், ஹார்வர்டு இதற்கென மேலும் 69 டாலர் வரை பெற்றுவந்தது.

2025 பிப்ரவரி 7 அன்று, ஆய்வு நிதி தரும் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம், இனி எல்லோருக்கும் 15 டாலர்தான் என்றது. நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளுக்கும் சேர்த்து, மூன்றே நாளில் அமல்! செலவைக் குறைக்கச் சொல்வது நியாயமாகக்கூட இருக்கலாம். பாதி வழியில் விதியை மாற்றுவது அநியாயம்.

22 மாநிலங்கள் வழக்குப் போட்டன. பாஸ்டன் நீதிமன்றம் தடுத்தது.

ஆனாலும் நிதி நிச்சயமில்லாத அந்த மார்ச்சில், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக சான் மருத்துவக் கல்லூரி, முனைவர் பட்டத்துக்குத் தேர்வானவர்களுக்குக் கொடுத்த இடங்களைத் திரும்பப் பெற்றது.