தழும்பின் தயவு

1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளின், அதாவது குறித்த காலம் உழைப்பதாகக் கைநாட்டு வைத்தவர்களின், தந்தை பெயர், சாதி, ஜில்லா, தாலுகா, ஊர் ஆகியவற்றோடு ஆள்மாறாட்டம் நேராதிருக்க உடல் தழும்பையும் விடாமல் குறித்துவைத்தன கப்பல் பதிவேடுகள். கோயம்புத்தூர் ஜில்லா, பல்லடம் தாலுகா என்ற பதிவை நம்பிப் பூர்வீகம் தேடி வரும் கொள்ளுப்பேரர், எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஊரை, 2009இல் உருவான திருப்பூர் மாவட்டத்திற்குள் துழாவ வேண்டியிருப்பினும், தழும்பளவு துப்பேனும் அவருக்கு உண்டு. அதே மண்ணில் இன்று பீஸ் ரேட்டுக்கு, அதாவது தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு, பனியன் கம்பெனியில் உழைக்கும் பீகார், ஒடிசாத் தொழிலாளர் பலர், கான்ட்ராக்டரின் நோட்டில் 'இந்திக்காரப் பசங்க நாலு பேர்' என்ற ஒற்றை வரியில் அடங்கிவிடுகின்றனர். வம்சாவளி ஆய்வைப் பொறுத்தவரை, காலனிய அரசின் சந்தேகபுத்தி சுதந்திர இந்தியாவின் அலட்சியத்தைவிட மேலானதே.