மூன்றா, நான்கா, ஐந்தா?

கேள்வி: டெக்சாஸில் முதன்முறையாகக் கைத்துப்பாக்கி வாங்கப் போகிறேன். கிளாக் 19 என்று முடிவாகிவிட்டது. மூன்றாம் தலைமுறையா, நான்காவதா, ஐந்தாவதா என்பதில்தான் வீட்டில் சண்டை.

பதில்: துப்பாக்கி வீட்டுக்கு வருவதற்குள் சண்டையை முடித்துவிடுங்கள்!

என் ஓட்டு ஐந்தாவதுக்கு. மூன்றாவதில் பிடியின் முன்புறம் விரல் பள்ளங்கள் உண்டு. யாரோ ஒருவருடைய விரல்களுக்கு அளவெடுத்த பள்ளம்; உங்கள் விரல் அதில் உட்காராவிட்டால் ஒவ்வொரு முறையும் உறுத்தும். 2010இல் வந்த நான்காவதில் பிடியின் பின்பக்கத்தைக் கைக்கேற்ப மாற்றலாம், ஆனால் பள்ளம் போகவில்லை. 2017இல் ஐந்தாவது வந்தபோதுதான் அதை வழித்தெடுத்தார்கள். ஸ்லைடை நிறுத்தும் நெம்புகோலும் இருபுறமும் வந்தது. இடக்கைக்காரர்கள் கொண்டாடினார்கள்.

கலிபோர்னியாவில் அரசின் அனுமதிப் பட்டியலால் பல ஆண்டுகள் மூன்றாவதோடு வாழ்ந்தார்கள். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. போலீஸார் பயன்படுத்திக் கழித்த நான்காவது மலிவாகக் கிடைத்தால் அதுவும் நல்ல பேரம்தான். எதற்கும் சுடுதளத்தில் மூன்றையும் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள். உங்கள் கை சொல்வதைக் கேளுங்கள், என்னை அல்ல.

வழக்கமாகக் கடையில் விற்கும் கிளாக் 19 எந்தத் தலைமுறையானாலும், விரலால் தள்ளிப் போடும் பாதுகாப்புப் பூட்டு கிடையாது. விசையை முழுக்க அழுத்தினால் வெடிக்கும். அதனால் பயிற்சி வகுப்புக்கும் பூட்டுள்ள இரும்புப் பெட்டிக்கும் இப்போதே பணம் ஒதுக்குங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால், பெட்டி வந்து சேர்ந்த பிறகு துப்பாக்கிக் கடைக்குப் போங்கள்.