நடராஜருக்கு ஒரு பாஸ்போர்ட் போட்டோ

என் ஹார்ட் டிஸ்கில் ‘மஞ்சச் சுவர் ஃபைனல்’, ‘மஞ்சச் சுவர் ஃபைனல் புதுசு’, ‘இதான் ஃபைனல்’ என்று மூன்று ஃபோல்டர் கிடக்கிறது. மூன்றிலும் ஒரே சுவர்தான். காகிதப்பூ தொங்கும் மஞ்சள் சுவரைப் படம் பிடிக்காதவருக்குப் புதுச்சேரியில் ரேஷன் கார்டே கிடைக்காது என்று நினைக்கிறேன். படத்தை இணையத்தில் விற்கப் போனால் ஊர், தெரு, பொருள், முப்பது கீவேர்டு எல்லாம் எழுதிக் கொடு என்கிறார்கள். நான் ‘வாசல்’ என்று எழுதி அனுப்பிய படத்தில் ஒரு மாடு நின்றது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாடு வாசலில்தான் நின்றது, ஐயா.

இப்படி விவரம் எழுதி வைக்கும் வேலையில் எங்கள் ஊருக்கு ஒரு மூதாதை உண்டு: பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்ஸ் துரையின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை. 1736-ல் நாட்குறிப்பு எழுத உட்கார்ந்தவர், வருஷம், மாசம், தேதி, கிழமை போடாமல் பேனாவை மேலே நகர்த்த மாட்டார். 1748 செப்டம்பரில் இங்கிலீஷ்காரன் படையோடு வந்து ஊரை முற்றுகை போடுகிறான். அந்த நேரம் பார்த்து நம் துரை என்ன செய்தார்? வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்தார். பக்கத்துச் சர்ச் பாதிரிமாருக்கு நெடுநாள் ஆசை. துரைசானிக்கு அதைவிட ஆசை. பிள்ளை புலம்பிக்கொண்டே எல்லாவற்றையும் எழுதி வைத்தார். கேமரா வர இன்னும் தொண்ணூறு வருஷம் இருந்தது.

அடுத்த காட்சி, 1954 நவம்பர் 1. பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டு மூட்டை கட்டினார்கள். கட்டிய கையோடு, 1955 மார்ச் 21-ஆம் தேதி, ‘போய்ட்டு வர்றோம்’ என்றவர் திண்ணையிலேயே உட்கார்ந்த கதையாக, கடற்கரை ஓரம் செயின்ட் லூயி வீதியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைத் திறந்தார்கள். நிறுவியவர் ழான் ஃபிலியோசா. சம்ஸ்கிருதம் கரைத்துக் குடித்தவர். அதற்கு முன் கண் டாக்டர். ஊரில் யாரும் சரியாகப் பார்க்கவில்லை என்று அவருக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை.

1956-லிருந்து நிறுவனத்தார் கேமராவைத் தூக்கிக்கொண்டு கோயில் கோயிலாகக் கிளம்பினார்கள். வேதபுரீஸ்வரரை இடித்து இருநூற்றெட்டு வருஷம் ஆகியிருந்தது. இதைப் பிராயச்சித்தம் என்று யாரும் சொல்லவில்லை, ஆராய்ச்சி என்றார்கள். எப்படி நடந்திருக்கும் என்று எனக்கு ஒரு கற்பனை உண்டு. சாவி குருக்களிடம், குருக்கள் அடுத்த ஊர்த் திவசத்தில். கதவு திறந்ததும் முதலில் வெளியே வருவது வௌவால், அப்புறம் அதன் நாற்றம். எண்ணெய்ப் பிசுக்கில் அம்பாள் முகமே தெரியாது. ‘இந்தக் குட்டிச்சுவத்தை எதுக்கு சார் எடுக்குறீங்க, புதுசா ஒரு கோபுரம் பெயின்ட் அடிச்சிருக்கோம், அதை எடுங்க’ என்று ஒரு பெரியவர் கட்டாயம் சொல்லியிருப்பார்.

ஒன்றரை லட்சம் படத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது. எடுத்ததைப் பெரிய காரியம் என்று நான் சொல்ல மாட்டேன். எடுக்க நானும் எடுப்பேன். எந்த ஊர், எந்தக் கோயில், எந்த மூர்த்தி, எந்த வருஷம் என்று எழுதி அடுக்கினார்களே, அங்கேதான் நிற்கிறார்கள்.

அரியலூர்ப் பக்கம் ஸ்ரீபுரந்தானையே எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டிக் கிடந்த சிவன் கோயிலிலிருந்து சோழர் காலத்து நடராஜர் திருட்டுப் போனார். நியூயார்க்கில் சுபாஷ் கபூர் என்பவரின் கலைப்பொருள் கடை வழியாக 2008-ல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் அவரை வாங்கியது. விலை ஐம்பது லட்சம் டாலர். காகிதம் எல்லாம் பக்கா: சாமி 1970 வாக்கிலேயே டெல்லியில் விலைக்கு வாங்கப்பட்டு நாட்டை விட்டுப் போய்விட்டாராம். அதாவது 1972-ல் தொல்பொருள் சட்டம் வருவதற்குள் எல்லை தாண்டிவிட்டார், மகா கெட்டிக்காரர்.

ஆனால் செயின்ட் லூயி வீதி நிறுவனத்தில் ஒரு படம் இருந்தது. ஊர்: ஸ்ரீபுரந்தான். வருஷம்: 1994. படத்தில் அதே நடராஜர், தன் கோயிலிலேயே, ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு.

வருஷம் எழுதாமல் இருந்திருந்தால் அது ஒரு அழகான படம், அவ்வளவுதான். கடைக்காரர் ‘அது அறுபத்தஞ்சுல எடுத்தது’ என்று சொல்லிப் போயிருப்பார். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபட் டெல்லிக்கே வந்து நடராஜரைத் திருப்பிக் கொடுத்தார். கூடவே வந்தவர் விருத்தாசலம் அர்த்தநாரீஸ்வரர். அவருக்கும் சாட்சி புதுச்சேரிப் படம்தான்.

வேதபுரீஸ்வரர் வேறு இடத்தில் கோயில் கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார். இடித்த பழைய கோயிலுக்குத்தான் ஒரு படமும் கிடையாது. பிள்ளை தேதி போட்டு எழுதிய பக்கங்கள் இருக்கின்றன.