எந்த வருஷத்து டுரான் டுரான்?

‘டுரான் டுரான் இசைக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்?’ என்று யாராவது கேட்டால் உடனே பதில் சொல்லிவிடக் கூடாது. ‘எந்த வருஷத்தில்?’ என்று திருப்பிக் கேட்க வேண்டும். சில வருஷங்களுக்கு மாதத்தையும் கேட்டுக்கொள்வது நல்லது. பள்ளிக்கூட நாளில் ரசிகனாகச் சேர்ந்தபோது, பாட்டைக் கேட்டால் போதும் என்றுதான் நினைத்தேன். யார் போனார், ஏன் போனார், போனவர் எப்போது வந்தார், வந்தவர் மறுபடி ஏன் போனார் என்று ஒரு வருகைப் பதிவேடும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் எச்சரிக்கவில்லை.

பதிவேட்டின் முதல் பக்கம் 1978, பர்மிங்ஹாம். நிக் ரோட்ஸுக்கு வயது 16, ஜான் டெய்லருக்கு 18. பாடுவதற்கு ஸ்டீஃபன் டஃபி. ‘பார்பரெல்லா’ என்ற 1968ஆம் ஆண்டுப் படத்தின் வில்லன் பெயரைக் கொஞ்சம் வெட்டித் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லாததால் ஒரு சின்ன ரிதம் இயந்திரத்தை வைத்து ஓட்டினார்கள். இந்தக் குழுவின் சரித்திரத்தில் சம்பளம் கேட்காமல், சண்டை போடாமல், வக்கீல் வைக்காமல் விலகிய ஒரே உறுப்பினர் அந்த இயந்திரம்தான்.

பேர் வருவதற்கு முன்பே, 1979இல், டஃபி கழன்றுகொண்டார். அவருக்குப் பின் பாட வந்தவர்களும் நிற்கவில்லை. அதே வருஷம் டிரம்ஸுக்கு ரோஜர் டெய்லர் வந்தார். அடுத்த வருஷம் ‘மெலடி மேக்கர்’ பத்திரிகையில் வந்த விளம்பரத்தைப் பார்த்துக் கிட்டாரோடு வடக்கேயிருந்து இறங்கினார் ஆன்டி டெய்லர். 1980 மே மாதம், பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்துக்கொண்டிருந்த சைமன் லெ பான் வந்து சேர்ந்தார். குழு ஒத்திகை பார்த்த ரம் ரன்னர் என்ற கிளப்பில் அவருடைய முன்னாள் காதலி வேலை பார்த்தார், சிபாரிசு அவருடையது. கையில் கவிதை நோட்டு, காலில் இளஞ்சிவப்புச் சிறுத்தைப்புள்ளிக் கால்சட்டை. பாடத் தெரியுமா என்று பார்ப்பதற்குள் கால்சட்டைக்கு வேலை கிடைத்துவிட்டது.

இந்த இடத்தில் என் மனைவி வழக்கமாகக் குறுக்கே வருவாள்.

“ஏங்க, மூணு டெய்லரும் அண்ணன் தம்பியா?”

“இல்லை.”

“ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பியா?”

“ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.”

“அப்புறம் ஏன் சொத்துப் பிரிக்கிற மாதிரி அடிச்சுக்கறாங்க?”

அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் கிடையாது.

அந்த ஐந்து பேர்தான் உலகம் அறிந்த டுரான் டுரான். 1982இல் வீடியோ எடுக்க இலங்கைக்குப் போனார்கள். ‘சேவ் எ பிரேயர்’ பாட்டில் சிகிரியா குன்றின் உச்சியில் நிற்பவர்களும் பொலன்னறுவைப் புத்தர் சிலைகளுக்கு முன்னால் உலவுபவர்களும் இவர்களே. பாட்டு பிரிட்டனில் 2ஆம் இடம் பிடித்தது. ஆன்டி டெய்லருக்கோ அங்கே ஏரித் தண்ணீர் உள்ளே போய் வயிற்றுத் தொற்று பிடித்தது. அது யானைகள் இறங்கிப் புழங்கிய தண்ணீர். பிற்காலத்தில் அவர் இரண்டு தடவை குழுவைவிட்டுப் போனதற்கு என்னென்னவோ காரணம் எழுதுகிறார்கள். அந்த ஏரியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

1984இல் ‘தி ரிஃப்ளெக்ஸ்’ பிரிட்டன், அமெரிக்கா இரண்டிலும் முதலிடம். 1985இல் ஜேம்ஸ் பாண்ட் படத்துக்குப் பாடிய ‘எ வியூ டு எ கில்’ அமெரிக்காவில் முதலிடம். வேறு எந்த பாண்ட் பாட்டுக்கும் அந்த இடம் கிடைத்ததில்லை. இப்படி எல்லாம் கூடி வரும்போதுதானே பிரிந்துபோகத் தோன்றும்? ஜானும் ஆன்டியும் ராபர்ட் பாமரைச் சேர்த்துக்கொண்டு ‘பவர் ஸ்டேஷன்’ என்று ஒரு குழு ஆரம்பித்தார்கள். சைமனும் நிக்கும் ரோஜரைக் கூட்டிக்கொண்டு ‘ஆர்கேடியா’ என்று இன்னொன்று ஆரம்பித்தார்கள். அந்த வருஷம் ஜூலை 13, லைவ் எய்ட் நிகழ்ச்சி. ஃபிலடெல்பியா மேடையில் ஜானும் ஆன்டியும் முதலில் பவர் ஸ்டேஷனாக ஏறி இறங்கிவிட்டு, மறுபடி டுரான் டுரானாக ஏறினார்கள். பவர் ஸ்டேஷனில் பாடியவர் பாமர் இல்லை. அதற்குள் அவர் விலகி, மைக்கேல் டே பார் வந்திருந்தார். கிளை ஆரம்பித்த சில மாதத்திலேயே கிளையிலும் ஆள் மாற்றம். அதே மேடையில் பாண்ட் பாட்டின் உச்சத்தில் சைமனின் குரல் சறுக்கியதை உலகமே நேரடி ஒளிபரப்பில் கேட்டது. ஐவரும் சேர்ந்து அடுத்த தடவை மேடை ஏற 18 ஆண்டுகள் ஆயின. சுருதியைச் சரிசெய்துகொள்ள அது தாராளமான அவகாசம்.

1986இல் ரோஜர் களைத்துப்போய் கிராமத்துப் பக்கம் ஒதுங்கினார். ஆன்டி லாஸ் ஏஞ்சலஸில் தனி ஆல்பம் போடக் கிளம்பிவிட்டார். வக்கீல்கள் பேசிய பிறகு ‘நொட்டோரியஸ்’ ஆல்பத்தில் சில பாட்டுக்கு மட்டும் வாசித்துக் கொடுத்தார். மீதிக் கிட்டாருக்கு வந்தவர் வாரன் குக்கரல்லோ, ஃபிராங்க் ஸாப்பாவிடம் வாசித்த அமெரிக்கர். கூலிக்கு வந்தவரை 1989இல் முழு உறுப்பினராக்கினார்கள். குழு செத்துப்போய்விட்டது என்று பத்திரிகைகள் முடிவு கட்டியிருந்த நேரத்தில், 1993இல், ‘ஆர்டினரி வேர்ல்ட்’ வெளிவந்து அமெரிக்காவில் 3ஆம் இடத்துக்கும் பிரிட்டனில் 6ஆம் இடத்துக்கும் போனது. அந்தப் பாட்டின் கிட்டார் வாரனுடையது. ஆன்டி இல்லாத டுரான் டுரானைக் கேட்க மாட்டேன் என்று கொள்கையோடு இருந்த நான், அந்த ஒரு பாட்டுக்காகக் கொள்கையைத் தளர்த்தினேன். பிறகு கொள்கையைத் தேடவே இல்லை.

1995இல் மற்றவர்கள் பாட்டையெல்லாம் எடுத்துப் பாடி ‘தேங்க் யூ’ என்று ஓர் ஆல்பம் போட்டார்கள். ராப் குழுவான பப்ளிக் எனிமியின் பாட்டைக்கூட விடவில்லை. 2006இல் ‘க்யூ’ இசைப் பத்திரிகை அதை உலகத்தின் மிக மோசமான ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தது. என்னிடம் அதன் கேசட் இருக்கிறது. விருந்தாளிகள் கிளம்ப மனசில்லாமல் உட்கார்ந்திருக்கும் இரவுகளில் அதைப் போடுவதுண்டு.

1997இல் ஜானும் போனார். மிச்சம் மூன்று பேர்: சைமன், நிக், வாரன். அவர்கள் போட்ட ‘மெடஸாலேண்ட்’ ஆல்பம் சொந்த நாடான பிரிட்டனிலேயே அப்போது வெளிவரவில்லை. வெளியில் நின்ற டெய்லர்கள் மூன்று பேர், உள்ளே இருந்தவர்களும் மூன்று பேர் என்று பலம் சமமாக இருந்த காலம் அது.

2001இல் பழைய ஐவர் மறுபடி சேர முடிவெடுத்தார்கள். அதற்கு வாரன் இடத்தைக் காலி செய்ய வேண்டும்; செய்தார். இவர்களை ஒப்பந்தம் பண்ண ஒரு ரெக்கார்டு கம்பெனியும் அப்போது கையில் இல்லை. 2003இல் ஜப்பானில் கச்சேரியைத் தொடங்கி, 2004இல் லண்டன் வெம்ப்ளி அரங்கத்தை நிரப்பி, ‘ஆஸ்ட்ரனாட்’ ஆல்பமும் போட்டார்கள். நான் சமையலறைக்கு ஓடிப்போய், “அஞ்சு பேரும் சேர்ந்துட்டாங்க!” என்றேன். என் மனைவி தோசையைத் திருப்பிப் போட்டபடியே, “எத்தனை நாளைக்காம்?” என்று கேட்டாள். 2006 அக்டோபரில் ஆன்டி மறுபடி விலகினார். ஐவரும் சேர்ந்து பதிவு செய்த ‘ரிப்போர்டாஜ்’ ஆல்பம் வெளிவராமலே அலமாரிக்குப் போனது. அந்தக் கேள்வியை நான் அவளுக்கு இன்னும் மன்னிக்கவில்லை.

‘அசல் ஐவர்தான் டுரான் டுரான்’ என்று அடித்துப் பேசும் ரசிகர்களோடு எனக்கு நெடுநாள் சண்டை உண்டு. 1980 முதல் 1986 வரை, பிறகு 2001 முதல் 2006 வரை என்று கூட்டிப் பார்த்தால் அந்த ஐவர் ஒன்றாக இருந்தது பத்துப் பதினோரு வருஷம். குழுவுக்கோ 45 வயது தாண்டிவிட்டது. கறாராக அசலைத்தான் தேடுவதென்றால், நிக், ஜான், டஃபி, அந்த ரிதம் இயந்திரம் என்ற 1978ஆம் ஆண்டுக் கூட்டணிக்கே போக வேண்டும். 2002இல் அதிலும் பாதி நடந்தது. நிக்கும் டஃபியும் ‘தி டெவில்ஸ்’ என்ற பெயரில் சேர்ந்து, அந்த ஆரம்பக் காலப் பாட்டுகளைப் புதிதாகப் பதிவு செய்து வெளியிட்டார்கள். ஒரே சமயத்தில் நிக் ரோட்ஸ் இரண்டு மறுகூடல்களில் இருந்தார். கல்யாண சீசனில்கூட எனக்கு அப்படி அமைந்ததில்லை.

2022 நவம்பரில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம் கிடைத்தது. ஐவரோடு வாரனின் பெயரையும் சேர்த்திருந்தார்கள். விழா மேடையில் முதல் பாட்டு தொடங்கியதும் வாத்தியச் சத்தம் அரங்கத்துக்குக் கேட்கவில்லை. நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். முதலிலிருந்து ஆரம்பிப்பதில் இவர்களைவிட அனுபவசாலிகள் அன்று அந்த மேடையில் இருந்திருக்க முடியாது. ஆன்டியால் வர முடியவில்லை. நான்காம் கட்டப் புற்றுநோயோடு இருப்பதாக அவர் எழுதிய கடிதத்தை சைமன் படித்தார். அந்த இடத்தில் என் பதிவேட்டை மூடி வைத்துவிட்டேன். அடுத்த வருஷம் வந்த ‘டான்ஸ் மகாப்ரே’ ஆல்பத்தில் ஆன்டியும் வாசித்தார், வாரனும் வாசித்தார். ஒருவர் போனதால் வந்தவர், அவர் திரும்பியதால் போனவர். கடைசியில் இருவருக்கும் ஒரே ஆல்பத்தில் இடம் இருந்தது. இதை முதலிலேயே யோசித்திருந்தால் வக்கீல் செலவாவது மிஞ்சியிருக்கும்.

பைபிளில் கெட்ட குமாரன் கதை உண்டு. ஊர் சுற்றித் திரும்பிய இளையவனுக்குக் கொழுத்த கன்றை அடித்து விருந்து. வயலைவிட்டு எங்கும் போகாத மூத்தவன் வாசலில் முறைத்துக்கொண்டு நிற்கிறான். இசைக் குழுக்களின் மறுகூடல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூத்தவன் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. 1978 முதல் இன்றுவரை இந்தக் குழுவில் இடைவெளி இல்லாமல் இருப்பவர் கீபோர்டு வாசிக்கும் நிக் ரோட்ஸ் ஒருவர்தான். 1980 முதல் என்றால் சைமனும் கூட. எல்லா ஸ்டூடியோ ஆல்பங்களிலும் இருப்பவர்கள் இவர்கள் இரண்டே பேர். மோசமான ஆல்பம், வெளிவராத ஆல்பம், கம்பெனி கைவிட்ட காலம் எல்லாவற்றுக்கும் இவர்களே ஆஜர். ஆனால் ‘நிக் ரோட்ஸ் இந்த ஆண்டும் விலகவில்லை’ என்று எந்தப் பத்திரிகையும் தலைப்புப் போட்டதில்லை. விலகினால்தான் செய்தி, திரும்பினால் அதைவிடப் பெரிய செய்தி.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்குப் பிடித்த ஏதாவது ஒரு குழு மறுபடி சேர்ந்ததாகச் செய்தி வந்தால், திரும்பி வந்தவருக்குத் தாராளமாகக் கைதட்டுங்கள். அதோடு, கீபோர்டுக்குப் பின்னால் நிற்கும் ஆசாமிக்கும் இரண்டு தட்டு தட்டிவிடுங்கள். அவரும் போயிருந்தால் மற்றவர்கள் திரும்பி வருவதற்குக் குழு என்று ஒன்று இருந்திருக்காது.